அடி தட்டாத கரண்டி

நான் சினிமாவுக்குச் சத்தம் செய்கிறவன். இசையமைப்பாளன் என்று நினைத்துவிட வேண்டாம், அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை. கதாநாயகி படியிறங்கும்போது கேட்கும் கொலுசு, வில்லன் வீட்டு இரும்புக் கேட்டின் கிறீச், சோற்றில் ரசம் ஊற்றும் சத்தம் என்று நீங்கள் தியேட்டரில் கேட்டுவிட்டு அடுத்த நொடியே மறந்துபோகிற சமாசாரங்களை எவனோ ஒருத்தன் அறைக்குள் அடைந்து கிடந்து செய்திருப்பான். சில படங்களில் அந்த எவனோ நான்தான். என் அம்மா கடைசிவரை ஊராரிடம் "சினிமால மைக் செட்டு போடுறான்" என்றே சொல்லிவந்தாள். நானும் திருத்தவில்லை. கல்யாண வீட்டில் மைக் செட்டுக்காரருக்குக் கிடைக்கிற மரியாதைகூட எனக்கு எந்த ஸ்டூடியோவிலும் கிடைத்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு போர்ப் படத்துக்கு வேலை செய்தேன். அதில் என் அக்கா வீட்டுக்காரரையும் இழுத்துவிட்டேன். நல்ல எண்ணத்தில் இழுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா பட்டாளத்தில் இருந்தவர். சர்வீஸ் முடித்து வந்து ஆவடி சேக்காட்டில் வீடு கட்டி, மாடியில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்து, கீழே தன் பெருமையோடு குடியிருந்தார். மலை எல்லையில் நடந்த ஒரு சண்டையில் அவர் இருந்தார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். வருடா வருடம் கிறிஸ்துமஸ் மத்தியானம், பிரியாணிக்கு முன்னால், பிள்ளைகளை எல்லாம் உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்வார்.

"நான் இங்க கீறேன், அவன் அங்க கீறான். நடுவுல ஒரே ஒரு பாறை. எவன் மொதல்ல தலைய தூக்குறானோ அவன் காலி."

கதை நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், எதிரி வருடத்துக்கு வருடம் கிட்டே வந்துகொண்டிருந்தான். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அவன் அடுத்த மலையில் இருந்தான். அக்காவின் பெரிய பெண் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பள்ளத்தாக்கைத் தாண்டிவிட்டான். அவள் கல்லூரிக்குப் போன வருடம் பாறைக்கு அந்தப் பக்கம் வந்து படுத்துக்கொண்டான். அதற்கடுத்த கிறிஸ்துமஸில் அவன் மீசையில் எத்தனை பனித்துளி இருந்தது என்று மாமா சொன்னார். இப்படியே விட்டால் இன்னும் இரண்டு வருடத்தில் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து லெக் பீஸ் கேட்பான் என்று பட்டது.

ஆள் சண்டை நடந்த பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டார், ஏதோ ஓர் ஆபீசில் உட்கார்ந்து காகிதத்துக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்திருப்பார் என்பது என் கணிப்பு. "மாமா, போன வருஷம் அந்தப் பாறை சின்னதா இருந்துச்சே" என்று கேட்டுப் பார்ப்பேன். "பனி உருகிடுச்சு மச்சான், அதான் பெருசா தெரியுது" என்பார். ஆள் அசையவே மாட்டார்.

இன்னொரு கோபமும் எனக்கு உண்டு. அந்த வீட்டில் பிரியாணி செய்வதும் பரிமாறுவதும் மாமாதான். வேறு யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. ஆளுக்கு இத்தனை என்று அளந்து சமைப்பார், அதில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. எல்லோருக்கும் போட்டு முடித்து, தேக்சாப் பாத்திரத்தின் அடியை இரும்புக் கரண்டியால் கரகரவென்று சுரண்டி, அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தனக்குத் தட்டு எடுப்பார். அலுமினியத்தில் இரும்பு உரசும் சத்தம் காதை வைத்துப் பிழைக்கிறவனை என்ன செய்யும் என்று அவருக்குக் கவலை இல்லை. எனக்குப் பல் கூசி முதுகுத் தண்டு வரைக்கும் போகும். போதும் என்று தட்டைக் கையால் மறைத்தால், மறைத்த கைமீதே ஒரு கரண்டி போடுவார். இருபது வருடமாக இதுதான் எங்கள் கிறிஸ்துமஸ்.

ஆகவே அந்தப் படத்தின் இயக்குநர், சின்ன வயசுக்காரர், முதல் படம், "பட்டாள ஆலோசகர் ஒருத்தர் வேணும் ப்ரோ, நேர்ல சண்டை பாத்தவரா இருந்தா நல்லது" என்று கேட்டதும் எனக்குள் ஒரு சைத்தான் எழுந்து உட்கார்ந்தது. நாற்பது பேருக்கு நடுவில் ஒருவர் கேள்விமேல் கேள்வி கேட்டால் மாமா எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? "எங்க மாமாவே இருக்காரு" என்றேன்.

மாமா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவர் மறுக்க நினைத்திருந்தாலும் நேரம் இருந்திருக்காது. விஷயம் தெரிந்த மறுநாளே தெருமுனையில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மாமாவின் தலையை வேறு யாரோ ஒரு சிப்பாயின் உடம்பில் ஒட்டி, பின்னால் இரண்டு டாங்கி, மூன்று விமானம், மேலே "எங்கள் தெருவின் போர் வீரர் வெள்ளித்திரையில்" என்று எழுதியிருந்தது. கோயிலில் பூசை முடிந்து பங்குத்தந்தை அறிவிப்பில் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். அக்கா புதுப் புடவையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது பொய் என்று தெரிந்தால் மாமா அந்தத் தெருவில் பால் வாங்கக்கூடப் போக முடியாது. அதை நினைத்து எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இன்னும் சுவாரசியமாகிவிட்டது என்றுதான் இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்.

படப்பிடிப்பு கோவில்பதாகைப் பக்கம், வற்றிக் கிடந்த ஒரு நிலத்தில். கதைப்படி அது நாட்டின் எல்லை. கேமராவைத் திருப்புகிற பக்கமெல்லாம் அடுக்குமாடிக் கட்டடம், அதன் பால்கனியில் நைட்டி. சினிமாப் போர்க்களத்தில் ஏன் அவ்வளவு புகை என்று நீங்கள் யோசித்திருக்கலாம். வீரம், தியாகம், குண்டு விழுந்த தீவிரம் என்றெல்லாம் எழுதுவார்கள். எங்கள் படத்தில் அந்த நைட்டியை மறைக்கத்தான்.

சிப்பாயாக நடிக்க ஆட்கள் மொத்தம் பதினெட்டுப் பேர். ஒளிப்பதிவாளர் கெட்டிக்காரர். தூரத்தில் நின்று நீளமான லென்ஸ் போட்டு எடுத்தார். அப்படி எடுத்தால் முன்னால் ஓடுகிறவனும் பின்னால் ஓடுகிறவனும் ஒட்டிக்கொண்டு ஒரு படையே வருகிற மாதிரித் தெரியும். கதாநாயகன் பக்கம் வந்தால் கேமராவை முழங்கால் உயரத்தில் வைப்பார், உடனே அவன் ஆறு அடி வளர்ந்துவிடுவான். குண்டு விழும்போது தோளில் வைத்துக்கொண்டு ஓடி, வேண்டுமென்றே குலுக்குவார். "கேமராவுக்கே பயம் வந்துட்டா பாக்கிறவனுக்குத் தன்னால வரும் சார்" என்றார். ஒருநாள் மண்மேட்டில் கால் தடுக்கி உண்மையிலேயே விழுந்தார். படத்திலேயே சிறந்த ஷாட் அதுதான் என்று எல்லோரும் சொன்னோம். அவருக்கு முட்டியில் கட்டு.

அந்தப் பதினெட்டுப் பேரே இரண்டு பக்கமும். காலையில் நம் ஆள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உடுப்பை மாற்றி எதிரி. திருநின்றவூரிலிருந்து வந்த ஓர் அண்ணன் ஒரே நாளில் நாட்டுக்காக உயிரைக் கொடுத்துவிட்டு, நாலரை மணிக்கு அதே நாட்டின் குண்டு பட்டு எதிரியாகவும் செத்தார். அவரைக் காப்பாற்றியது பிற்பாடு பூசிய கலர். நம் பக்கத்துக்கு இளம் வெயில் பொன்னிறம், எதிரிப் பக்கத்துக்கு மஞ்சள் காமாலை பிடித்த பச்சை. முகம் ஒன்றேயானாலும் பச்சை பூசினால் நம் ஜனங்கள் இரக்கப்பட மாட்டார்கள். நாடு நாடாக எல்லைக் கோடு போட்டவர்கள்கூட இவ்வளவு சுலபமாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

மாமா அங்கே என்ன செய்தார் என்பதுதான் நான் கவனித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியை எப்படித் தூக்குவது, எப்படி சல்யூட் அடிப்பது, பூட்ஸுக்கு எப்படி நாடா கட்டுவது, எல்லாம் சரியாகச் சொல்லிக்கொடுத்தார். அதில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் "சார், இந்த இடத்துல எதிரி சுடுறான், நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று இயக்குநர் கேட்டால், "அது நெலமையப் பொறுத்து" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நகர்ந்து எங்கே போவார் என்றால் சாப்பாட்டு வண்டிக்கு. மூன்றாம் நாளே சமையல்காரர்கள் அவரைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "புளிய இப்பவே ஊத்தாத. மொதல்ல பருப்பு எறங்கட்டும்" என்று அதிகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் படத்தில் சண்டை எப்படி இருந்ததோ, சாம்பார் பிரமாதமாக இருந்தது.

பிறகு என் வேலை ஆரம்பித்தது. பூந்தமல்லியில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், படத்தின் சத்தங்களை ஒன்றுசேர்க்கிற சின்னக் கலவைக்கூடம். ஆவடியில் வளர்ந்த எனக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதில்லை. படைக்காரர்கள் பயிற்சிக்காகச் சுடுவது சின்ன வயதிலிருந்தே தூரத்தில் கேட்கும். எங்கள் தெரு நாய்கள் பட்டாசுக்குக் குரைக்கும், அதற்குக் குரைக்காது. அந்த அசல் சத்தத்தையே எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பதிவுசெய்து போட்டுக் காட்டினேன். பட், பட், பட். அவ்வளவுதான். அசல் துப்பாக்கி அப்படித்தான் கேட்கும்.

இயக்குநர் முகத்தைச் சுளித்தார். "ப்ரோ, பாய் உதறுற மாதிரி இருக்கு. நிஜத் துப்பாக்கி மாதிரி பண்ணுங்களேன்."

நிஜத் துப்பாக்கிக்காக எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கதவை நாற்பது முறை அறைந்து சாத்தினேன். ஈரக் கோணியைத் தரையில் அடித்தேன். பீரங்கிக்கு வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது கலவைக்கூடத்துக்கு வெளியே மெட்ரோ தூணுக்குக் குழி தோண்டும் இயந்திரம், நுனியில் ஒட்டிய களிமண்ணை உதறியது. டமடமடமால் என்று ஜன்னல் ஆடியது. மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அந்தப் படத்தில் எதிரி நாட்டை அழித்தது பூந்தமல்லி மெட்ரோ வேலைதான். இயக்குநர் கண்ணீர் மல்க என்னைக் கட்டிக்கொண்டார்.

கலர் போட்டு முடித்ததைப் பார்க்க ஒருநாள் மாமாவையும் கூப்பிட்டார்கள். சண்டைக்குப் பிறகு வருகிற காட்சியில் எல்லாமே சாம்பல் நிறம், வானம் செத்துப்போன மாதிரி. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வானத்துக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"சோகம் சார்" என்றார் கலர் பூசுகிறவர், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

"அன்னிக்கு வானம் நல்லாதான் இர்ந்துச்சு. நல்ல நீலம். துணி காயப் போட்டா அரை மணில காயும்."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

கடைசியாகச் சத்தக் கலவை நடந்தது. அந்தச் சாம்பல் காட்சியில்தான் சிக்கிக்கொண்டோம். சண்டை முடிந்து கதாநாயகன் முகாமுக்குத் திரும்புகிறான். இரண்டு நிமிடம் வசனம் இல்லை. வயலின் போட்டுப் பார்த்தோம், கல்யாண வீடியோ மாதிரி இருந்தது. ஒரு பெண்குரலை விட்டு 'ஓ' என்று இழுக்கச் சொன்னோம், எல்லாப் படத்திலும் அவள்தான் இழுக்கிறாள். காதுக்குள் ரீங்காரம், இதயத்துடிப்பு, காற்று, கழுகு, எதுவும் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் இயக்குநர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அன்று வந்திருந்த மாமாவைப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. சண்டை முடிஞ்சதும் நீங்க கேட்ட முதல் சத்தம் எது?"

அறையில் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் திரும்பினார்கள். இருபது வருடமாக நான் காத்திருந்த நேரம் அது. கையைக் கட்டிக்கொண்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மாமா திரையில் நின்றுபோயிருந்த சாம்பல் வானத்தைப் பார்த்தார். "ஒரு டீ குடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து படியிறங்கினார்.

விடுவேனா? பின்னாலேயே போனேன். மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் டீக்கடை. இரண்டு டீ சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், நான் ஒரு தபாகூட எவனையும் சுட்டதில்ல. ட்ரைனிங்ல சுட்டதோட சரி."

ஜெயித்தவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"லங்கர்ல இர்ந்தேன். பட்டாளத்து அடுப்பங்கர. சமையக்காரன் நான்." டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. "மலைக்குக் கீய கூடாரம் போட்டுக்கினு இருந்தோம். தொண்ணூறு பேருக்குச் சோறு. மேல ஏறுறதுக்கு முன்னாடி எல்லாம் வந்து துன்னாங்கோ. தேக்சா அடி தட்டிச்சு. எப்பவும் தட்டும். தொண்ணூறுன்னா தொண்ணூறுதான், நம்ம அளவு தப்பாது. மூணாம் நாள் எறங்கி வந்தாங்கோ. யாரும் ஒண்ணும் சொல்லல. என் கைல யாரும் வந்து இத்தினி பேர் கொறையுதுன்னு சொல்லல. நான் பாட்டுக்குத் தொண்ணூறுக்கே வடிச்சேன். போட்டுக்கினே கீறேன். எம்பது, எம்பத்தி ஒண்ணு, எம்பத்தி ரெண்டு, எம்பத்தி மூணு. அப்பால தட்டு வரல. யாராச்சும் கையக் கழுவிக்கினு வருவான்னு நின்னேன். கரண்டிய உட்டா பொத்துனு சோத்துல எறங்குது. அடி தட்டல."

தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

"அதான் மச்சான் நான் கேட்ட சண்ட. அத்தப் போயி பிரியாணி துன்றப்ப பசங்க கைல எப்டி சொல்றது? அதான் பாறை, பனின்னு ஏதோ சொல்லிக்கினு கீறேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. இத்தனை வருடம் காது காது என்று பீற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவர் சுரண்டுகிற அந்தச் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதே இல்லை.

"நீ மேல போயி சொல்லிடு" என்றார் மாமா. "நான் ஊட்டுக்குப் போறேன். பிளெக்ஸ நானே அவுத்துடுறேன்."

"டீய குடிங்க மாமா, ஆறுது" என்றேன்.

மேலே போய் இயக்குநரிடம் சொன்னேன்: "மாமா சொல்றாரு, இசையே வேணாமாம். சண்டை முடிஞ்சு சாப்பாடு போடுறாங்க. சோறு மிஞ்சிப்போகுது. கரண்டி அடி தட்டல. அவரு கேட்டது அதுதானாம்." ஒரு பொய்யும் சொல்லவில்லை. கரண்டி யார் கையில் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இயக்குநர் நாற்காலியை மறுபடி திரைப் பக்கம் திருப்பினார். பிறகு ஒளிப்பதிவாளருக்கு போன் செய்தார். அவர் முட்டியில் கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில், பொழுது போகாமல், மத்தியானம் நம் ஆட்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதைத் தூரத்திலிருந்து எடுத்துவைத்திருந்தார். உடம்பெல்லாம் சாய ரத்தம், கையில் தட்டு, முகத்தில் பசி. யாருக்கும் கேமரா இருப்பது தெரியாது. எவனும் நடிக்கவில்லை. படம் முழுக்க அவர்கள் சிப்பாய்களாகத் தெரிந்தது அந்த ஒரு துண்டில்தான். அதற்குப் பச்சையும் பூசவில்லை, பொன்னும் பூசவில்லை. மாமா சொன்னாரென்று வானத்தை நீலமாகவே விட்டார்கள்.

சத்தம் மட்டும் நான் செய்ய வேண்டும். "காலி தேக்சால தட்டினா வேற மாதிரி கேக்கும் மச்சான். சோறு இருக்கணும்" என்று மாமா அடம்பிடித்தார். ஷேர் ஆட்டோவில் தேக்சாவை ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டட மொட்டைமாடியில் அடுப்பு மூட்டி, பதினைந்து கிலோ அரிசி வடித்தார். அன்று பேட்டரிக் கடையிலிருந்து மெட்ரோ வேலையாட்கள் வரை எல்லோருக்கும் எங்கள் சாப்பாடுதான்.

ஆனால் அதற்கு முன்னால் பதிவு. தேக்சாவைக் கீழே பதிவறைக்கு இறக்கி, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, மைக்கை தேக்சாவின் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காதில் ஹெட்போன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் கரண்டி அள்ளித் தட்டில் போட்டார். இரண்டாவது. மூன்றாவது. சத்தம் சுத்தமாக வந்தது. பிறகுதான் அதற்குக் கீழே வேறொன்று கேட்டது. மூச்சைப்போல மெல்லிய குரல். மாமா இந்தியில் எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் ஒருவர் எண்ணுகிறார் என்று தெரிந்துகொள்ள மொழி தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு தட்டு போயிருக்கும். ஓரிடத்தில் எண்ணிக்கை நின்றது. கை நிற்கவில்லை. கரண்டி சோற்றில் பொத்தென்று இறங்கியது. அங்கேயே இருந்தது. நான் 'கட்' சொல்லவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அழுதுகொண்டிருந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பேச்சுக்குரல் கலந்துவிட்டால் அதை அழிப்பது என் வேலை. பத்து நிமிட வேலை. நான் அழிக்கவில்லை. கரண்டிச் சத்தத்துக்கு அடியில், யாருக்கும் கேட்காத ஆழத்தில் விட்டுவைத்தேன். "ஏதோ முணுமுணுன்னு கேக்குதே ப்ரோ" என்றார் இயக்குநர். "காத்து" என்றேன்.

படம் வந்தது. அம்பத்தூரில் ஒரு தியேட்டருக்கு அக்கா குடும்பத்தோடு போனோம், பாதித் தெருவும் கூட வந்தது. பூந்தமல்லி மெட்ரோ வெடித்தபோதெல்லாம் விசில். கதாநாயகன் ஆறு அடி வளர்ந்தபோதெல்லாம் கைத்தட்டல். கரண்டிக் காட்சி வந்தபோது எங்களுக்கு முன் வரிசையில் மூன்று பேர் போனை எடுத்து நோண்டினார்கள். பின்னால் ஒருத்தர், "இன்னாபா இது, பந்தி சீனு" என்றார். ரசிகர்களை நான் என்றுமே நம்பியதில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தபோது அக்கா மாமாவின் கையைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தாள்.

வெளியே வந்து, மாமா தெருக்காரர்களோடு செல்ஃபிக்கு நிற்கும்போது, அக்காவிடம் கேட்டேன்: "உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமாகி மூணாம் நாளு அவரு வெங்காயம் நறுக்குனாரு. பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தவன் அப்டி நறுக்குவானா? கேட்டேன். அன்னிக்கே எல்லாம் சொல்லிட்டாரு." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியாதவன் நீ ஒருத்தன்தான்டா இந்த ஊட்ல. பெரிய காது."

படம் இரண்டாவது வாரம் ஓடவில்லை. பிளெக்ஸ் மழையில் கிழியும்வரை தெருமுனையில் இருந்தது. யாரும் அவிழ்க்கவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன். கதை நேரம் வந்ததும் நானே ஆரம்பித்துவைத்தேன். "மாமா, அந்த எதிரிக்கு மீசைல எத்தினி பனித்துளின்னு சொன்னீங்க?" மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். எதிரி இம்முறை பாறையைத் தாண்டி வந்து பீடிக்கு நெருப்பே கேட்டுவிட்டான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

பிறகு பிரியாணி. எல்லோரும் சாப்பிட்டார்கள், எல்லோரும் போதும் என்றார்கள். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த பெரிய பெண்ணுக்கு அந்த முறை லீவு கிடைக்கவில்லை. காலையில் போன் செய்து சொல்லியிருந்தாள். தெரிந்தும், கைப்பழக்கத்தில், மாமா வழக்கமான அளவுக்கே சமைத்திருந்தார். கரண்டியை உள்ளே விட்டார். பொத்தென்று இறங்கியது. அப்படியே நின்றார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, கையைக்கூடக் கழுவிவிட்டிருந்தேன். மறுபடியும் போய் உட்கார்ந்து தட்டை நீட்டினேன்.

"போடுங்க மாமா, இன்னும் பசிக்குது."

ஒரு கரண்டி போட்டார். இன்னொரு கரண்டி. மூன்றாவதற்கு அடி தட்டியது, கரகரவென்று. பல் கூசியது. மாமா தனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.